இல்லாத கனம்

"இல்லாத கனத்துக்கு நான் எதுக்குடா காசு குடுக்கணும்?"

தம்பின் என்கிற சின்ன டவுனில் சைக்கிள் கடை வாசலில் நின்று பஞ்சாலை இப்படிக் கேட்டதும், டயருக்குக் காற்றடிக்க வந்தவர்கூடப் பம்பை அமுக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கடைக்காரன் சித்திக் முப்பது வயதுப் பிள்ளை, மரியாதை தெரிந்தவன். இரண்டு மலைச் சைக்கிள்களை அவள் முன்னால் நிறுத்தியிருந்தான். ஒன்றின் விலை ஆயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி. கடையிலேயே உசத்தியான மற்றது ஒன்பதாயிரத்து எண்ணூறு. இதற்கும் இரண்டு சக்கரம்தான், அதற்கும் இரண்டு சக்கரம்தான், பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டவளிடம், விலை கூடினது கனம் குறைவு ஆன்ட்டி என்று பெருமையாகச் சொல்லிவிட்டான். அங்கேதான் பிடித்துக்கொண்டது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பஞ்சாலைக்கு அறுபத்து மூன்று வயது. தோட்டத்தில் வேலை செய்த அத்தனை வருஷமும் காசு என்பது கனத்தின் பின்னாலேயே வந்த சாமான். ரப்பர்ப் பாலை வாளியோடு தராசில் தொங்கவிட்டுத்தான் கணக்குப்பிள்ளை கிராணி கூலி எழுதினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபிறகு உதிரிப் பழத்தைச் சாக்கில் கட்டி நிறுத்தார்கள். தோளில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு கைக்கு வரும். கறிக்கத்தி வாங்கினால்கூட உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பாள். லேசாக இருந்தால் தகரம் என்று திருப்பி வைத்துவிடுவாள். கனம் குறையக் குறைய விலை ஏறுகிற பொருளும் உலகத்தில் உண்டு என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"எடைய கொறைச்சுக் குடுத்துட்டுக் காசு கூட வாங்குனா, அதுக்குப் பேரு வேற லா தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் புறப்பட்டாள். புறப்பட்டவள் சும்மா போகவில்லை. அந்த உசத்திச் சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். அது வந்தது. தூங்குகிற பூனைக்குட்டியைத் தூக்கினால் வருமே, அப்படி வந்தது.

பஞ்சாலையின் பிழைப்பு சோறு சுமப்பது. தோட்ட வேலையிலிருந்து நின்றபிறகு அவளே தேடிக்கொண்ட பிழைப்பு. விடியும் முன் எழுந்து தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோற்றைப் பொட்டலம் கட்டி, பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, பசியாறும் நேரத்துக்கு மலைக்காட்டுக்கு ஏறிவிடுவாள். மலைக்காடு என்பது தோட்டத்தின் கடைசி மேடு. அங்கே செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் இப்போது வங்காளதேசத்துப் பிள்ளைகள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அவர்கள் பாஷை தெரியாது. இரண்டு பக்கமும் அரைகுறை மலாயில் ஏசிக்கொள்வார்கள். எவனாவது பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், காய்ச்சலா, ஊரிலிருந்து போன் வந்ததா என்று குடைந்து கேட்காமல் விடமாட்டாள்.

ஓட்டுகிற சைக்கிள் புருஷனுடையது. மூட்டை ஏற்றுவதற்கென்றே செய்த இரும்புக் கேரியர், கியர் கிடையாது. "குடிச்சிட்டு ஓட்டிட்டு வந்து வாய்க்கால்ல விழுந்தாரு. சைக்கிளுக்கு ஒரு கீறல்கூட இல்ல" என்று யார் கேட்டாலும் சொல்லிவிடுவாள். கருமாதி முடிந்த கையோடு, நாற்பது வயதில், அதிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டாள். மோட்டார் சைக்கிள் வாங்கலாமே என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. லைசென்சுக்குக் கம்ப்யூட்டரில் பரீட்சை வைப்பார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் ஒருமுறை போய் உட்கார்ந்து, திரையில் எந்தப் படம் அழகாக இருந்ததோ அதையெல்லாம் அழுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

ஒரே மகன் சசிதரன் மம்பா டவுனில் வீடு வாங்கி, பின்னறையில் அவளுக்கென்று கட்டிலும் காத்தாடியும் போட்டு வைத்திருக்கிறான். மருமகள் ஷாமினியும் நல்ல பெண். அதுதான் பஞ்சாலைக்குத் தொல்லை. சண்டை போட்டுத் தப்பிக்க வழியில்லை. போன தீபாவளிக்கு மகன் கையைப் பிடித்துக் கூப்பிட்டபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள்.

"அந்த மேட்ட எறங்காம மிதிச்சு ஏறுற வரைக்கும் நான் இங்கதான். என்னைக்கு எறங்கித் தள்ளுறனோ, அன்னைக்குத் தலகாணிய எடுத்துக்கிட்டு நானே வரேன்."

சொன்ன சொல்லை அவள் விழுங்கமாட்டாள் என்று மகனுக்குத் தெரியும். அதனால் போன் போடும்போதெல்லாம், சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் ஏறினாயா என்றுதான் கேட்பான்.

இந்த வருஷ மழைக்குப் பிறகு பஞ்சாலை இறங்கிவிட்டாள். மேட்டின் பாதியில் ஒரு வளைவு வரும். அங்கே முழங்கால் பூட்டிக்கொள்ள, ஒரு காலை மண்ணில் ஊன்றினாள். முன்னும் பின்னும் பார்த்தாள், யாரும் இல்லை. மண் வழுக்குகிறது, இன்றைக்குக் கணக்கில் சேராது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். மறுநாள் மண் காய்ந்திருந்தது. அன்றும் இறங்கினாள். மகன் கேட்டபோது ஏறிவிட்டேன் என்றாள். பொய் இல்லை, எப்படி ஏறினாள் என்று அவன் கேட்கவில்லை. ஆனால் போனை வைத்தபிறகு தலையணையைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு பெண் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பானிலிருந்து மலைச் சைக்கிள்காரர்கள் தோட்டத்து வழியாகப் போவது வழக்கம். இறுக்கின உடுப்பும் ஆமை ஓடு மாதிரித் தொப்பியுமாக வருகிற அவர்களைப் பஞ்சாலை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. வேலை இல்லாதவன் காசு கொடுத்து வேர்க்கிறான் என்பாள். அப்படி ஒரு ஞாயிறு அவள் வளைவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கையில், கூட்டத்தில் ஒருத்தி பக்கத்தில் வந்தவனோடு பேசிக்கொண்டே அவளைத் தாண்டி ஏறிப்போனாள். பேசிக்கொண்டே போனாள். அது பஞ்சாலையின் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. சக்கரம் மண்ணைத் தொட்டதா என்றே தெரியவில்லை. செம்பனை ஓலைக்கு அடியில் கிடந்த பனி விலகி, அந்தப் பெண்ணை உள்ளே வாங்கிக்கொண்டு, மறுபடி மூடிக்கொண்டது. பேச்சுச் சத்தம் மட்டும் மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி வந்தது.

அடுத்த நாளே தம்பினுக்கு பஸ் ஏறிவிட்டாள். கடையில் நடந்ததுதான் தெரியுமே.

கடையிலிருந்து வந்த நாள் முதல் பஞ்சாலை பஞ்சாலையாக இல்லை. மிளகாய்ச் சம்பல் கிண்டும்போது அகப்பைக் காம்பில் கட்டைவிரல் தானாக அமுங்கும், கியர் மாற்றுகிறாளாம். பொட்டலம் மடிக்கிற கை பாதியில் நின்றுவிடும். தேங்காய்ப்பால் பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் ஆள் திரும்பி வருவாள். மத்தியானம் கண் அசந்தால் அதே கனவு. சைக்கிளில் உட்கார்ந்திருப்பாள், மிதிக்கமாட்டாள். தோட்டத்து லயன் வீடுகளும் கோயிலும் ஆபீசும் சத்தமில்லாமல் கீழே நழுவிப் போகும். வழியில் பழைய பால் தராசு ஒன்று மரத்தில் தொங்கும். சைக்கிளோடு அதில் ஏறி நிற்பாள். முள் அசையாது. கிராணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல் அவளையே பார்ப்பார்.

விழித்தால் கிட்டத்தட்ட எட்டாயிரம் வெள்ளி கூட என்கிற நினைப்பு வந்து நெஞ்சில் உட்காரும். பணம் இல்லாமல் இல்லை. தன் சாவுச் செலவுக்கென்று பத்தாயிரம் சொச்சம் பேங்கில் போட்டு வைத்திருக்கிறாள். வேன், மாலை, மேளம், கருமாதிச் சாப்பாடு எதுவும் மகன் தலையில் விழக்கூடாது என்பது அவள் வீம்பு. மலிவானதை எடுத்தால் மாலைக்கும் மேளத்துக்கும் பங்கம் வராது. உசத்தியை எடுத்தால் பிணத்துக்கு பஸ் சார்ஜ்தான் மிஞ்சும்.

யாரிடமும் யோசனை கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. இருந்தும், மலைக்காட்டிலிருந்து குலை இறக்குகிற டிராக்டர்க்காரன் புனிதனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டாள். சாமானை என் வண்டியில் போடுங்கள், நான் ஏற்றிவிடுகிறேன் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லி வருகிறவன் அவன். சாமான் வண்டியில் போனால் நான் எதற்கு ஏறணும் என்று அவன் வாயை அடைத்து வந்தவள் அவள்.

"சின்ன வெலையில உள்ளத எடுங்கக்கா. நம்ம மேட்டுக்கு அது போதும் லா. பத்தாயிரம் வெள்ளி சைக்கிள்ல சம்பலா ஏத்துவீங்க?"

"நீ புதுசா கார் எடுத்தியே, அதுல ஒன் பொண்டாட்டியத்தானே ஏத்துற, ராணியவா ஏத்துற?" என்றாள் பஞ்சாலை. புனிதன் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஆனாலும் மனசு ஒரு நிலைக்கு வரவில்லை. சித்திக்குக்குப் போன் போட்டு, இரண்டு சைக்கிளையும் வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வா, டவுனில் தார் ரோட்டில் ஓட்டிப் பார்க்க நான் என்ன தபால்காரனா என்றாள். அவனும் சொன்னபடி வந்தான். மலிவான சைக்கிளில் கேரியர்கூட மாட்டிக் கொண்டுவந்திருந்தான். உசத்தியில் அதை மாட்ட ஓட்டை கிடையாது, போடவும் கூடாது என்றான். இத்தனை ஆயிரம் வாங்குகிறவன் ஒரு பிளாஸ்க் வைக்க இடம் விடவில்லையே என்று முனகிக்கொண்டே அவள் முதலில் மலிவானதில் சாமானைக் கட்டி மிதித்தாள். வளைவைத் தாண்டினாள். கடைசிச் சரிவில் கால் மண்ணைத் தொட்டது.

இறங்கி வந்து, சாமானைக் கழற்றி வைத்துவிட்டு அதையே மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை உச்சி வரைக்கும் போய்விட்டாள். போனதும் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தெரிந்த மண்ணையே பார்த்துக்கொண்டு இரைத்தாள். பின்னாலேயே நடந்து வந்த சித்திக் பக்கத்தில் குந்தினான்.

"ஆன்ட்டி, யாவாரத்த விட்டுட்டுச் சொல்றேன். உங்களுக்கு இதுவே போதும்."

"போதும்தான்" என்றாள். நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டாள். கீழே வந்து தேத்தண்ணி குடித்து, இரைப்பு அடங்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, அதையும் கொடு பார்ப்போம் என்று கையை நீட்டினாள்.

மிதித்தாளா, யாராவது பின்னாலிருந்து தள்ளினார்களா என்று பிறகு அவளுக்கே நிச்சயமில்லை. வளைவு வந்ததும் போனதும் தெரியவில்லை. முழங்கால் எங்கேயோ தொலைவில் தன் பாட்டுக்கு வலித்தது. ஓலைகளுக்கு நடுவே இறங்கின வெளிச்சம் கைமேல் கோடு கோடாக ஓடியது. உச்சியில் காலை ஊன்றியபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. மூச்சு மிச்சம் இருந்தது.

மூச்சு மிச்சம் இருந்ததால் தலை நிமிர்ந்தாள். இத்தனை வருஷம் ஏறி வந்த இடத்தில் அவள் பார்த்ததெல்லாம் மண்ணும், பிளாஸ்க் மூடியும், நீட்டின கைகளும்தான். இப்போது பார்த்தாள், மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் நீலமாக இன்னொன்று. பள்ளத்தில் பால் ஊற்றி வைத்த மாதிரிப் பனி. அதற்கும் அப்பால், ஊசியில் கோத்த நூல் போல ஒரு ரயில் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. குலை ஏற்ற வந்த புனிதன் டிராக்டர்மேல் உட்கார்ந்திருந்தான்.

"இதெல்லாம் எப்பலேர்ந்துடா இங்க இருக்கு?"

"நீங்க பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்துக்கா" என்றான் அவன். பஞ்சாலை ரயிலின் வால் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்திக் வந்து நின்று, மலிவானதே நல்லது என்று மறுபடி ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதுல ஏறுனா மேல வந்து சேருவேன் தம்பி. இதுல ஏறுனா, வந்து சேந்தப்பறமும் நான் மிச்சம் இருக்கேன்."

சாவுச் செலவு என்ன ஆகும் என்று புனிதன் இழுத்தான். செத்தவள் கனம் தூக்குகிறவன் பாடு என்றாள். பிளாஸ்க்கும் பொட்டலமும் நாளையிலிருந்து உன் டிராக்டரில் வரும், உனக்கு இரண்டு பொட்டலம் என்றாள்.

அன்று சாயங்காலம் அவளே மகனுக்குப் போன் போட்டு, மழைக்குப் பிறகு இறங்கினதையும் சைக்கிள் எடுத்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். எறங்குனது எறங்குனதுதான், கூப்பிட்டால் வரேன் என்றும் சொன்னாள்.

"இப்ப எறங்காம ஏறுறியாம்மா?"

"ஏறுறேன்."

"அப்ப ஏறு" என்றான் சசிதரன்.

இப்போது தினமும் டிராக்டர் முன்னால் போகிறது, பஞ்சாலை பின்னால் போகிறாள். ரப்பர் பூட்ஸ் போட்ட கால், ஒரு சாமானும் இல்லாத சைக்கிள். உச்சிக்குப் போனதும் உடனே இறங்கமாட்டாள். ஒரு காலை ஊன்றி, பள்ளத்துப் பனியைப் பார்த்து, அங்கே விலகி நிற்க யாரும் இல்லாவிட்டாலும், ஒரே ஒருமுறை மணி அடிப்பாள். விலை உசந்த சைக்கிளுக்கு மணி வராது. அவளாகக் கேட்டு மாட்டச் சொன்னது. சைக்கிளுக்கு ஒரு காசுகூடக் குறைத்துக் கேட்காதவள், மணிக்கு எட்டு வெள்ளி என்றதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். கடைசியில் கொடுத்தது ஆறு வெள்ளி.