கன்னத்தில் வைத்த பஞ்சு

வலது பக்கக் கடைவாய்ப் பல். ராஜகீழ்ப்பாக்கத்துப் பல் டாக்டரம்மா அதைக் காப்பாற்றிவிடலாம் என்று சொன்னபோது, என்னையே காப்பாற்றப்போகிற மாதிரி இருந்தது. உள்ளே சுத்தம் செய்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்.

"இன்னும் ரெண்டு வாட்டி வரணும் சார். லேட் பண்ணீங்கன்னா பல்லு போயிடும்."

வரணும்தான். எப்போது வருவது? மறைமலை நகரில், கார்களுக்கு பிரேக் குழாய் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ். ஷிஃப்ட் முடிந்தால் ஓவர்டைம், ஓவர்டைம் முடிந்தால் ஜி.எஸ்.டி. ரோடு. வண்டலூரில் நின்று, பெருங்களத்தூரில் நின்று, தாம்பரத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கிளினிக் ஷட்டர் தரையைத் தொட்டிருக்கும். பாதி ஞாயிறு எங்களுக்கு லீவு இல்லை. மீதி ஞாயிறு கிளினிக் திறப்பதில்லை. பகலெல்லாம் குழாய்க்குள் காற்றை அடைத்துத் தண்ணீரில் முக்குவேன். குமிழி வந்தால் ஓட்டை. சிவப்பு மை வைத்துத் தனியே போட்டுவிடுவேன். ஓட்டையோடு ஒரு குழாய் வெளியே போனதில்லை. ஓட்டையோடு நான் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

லீவு கேட்டேன். சூப்பர்வைசர் என்னைவிடச் சின்னவர், மரியாதையானவர்.

"பல்லுதானே அண்ணா. இந்த லோடு போவட்டும், பாத்துக்கலாம்."

லோடு போனது. அடுத்த லோடு வந்தது. அடைப்பு ஒருநாள் கேன்டீன் மசால் வடையோடு போயிற்று. தூக்கம் கலையக் குடிக்கிற டீ, சர்க்கரைப் பாகு மாதிரி, மடக்குக்கு மடக்கு அந்தக் குழிக்குள் இறங்கிக் குத்தியது. பக்கத்து மேஜைக்காரன், என்னோடு சேர்ந்தே தலை நரைத்தவன், பொறுக்கமாட்டாமல் மெயின்டனன்ஸ் அறைக்குப் போய், தண்ணீர்க் குழாய் வெடிப்பை அடைக்கிற பசையைப் பிசைந்துகொண்டு வந்தான்.

"ஆன்னு காட்டு மச்சான். டேங்க் ஓட்டையே இதுல நிக்குது. உன் பல்லு இன்னா பெரிய டேமா?"

காட்டினேன். கல்லாக இறுகியது. சில நாள் வலியே இல்லை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "டாக்டர் ஃபீஸ் இன்னும் வரல" என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகு ஒரு காலையில், கண்ணாடியில் என் முகத்தின் ஒரு பாதி வேறு யாருடையதாகவோ இருந்தது.

அன்றைக்கு சூப்பர்வைசர் நான் கேட்காமலே அனுப்பிவைத்தார். வலிக்கு லீவு இல்லை, வீக்கத்துக்கு உண்டு.

டாக்டரம்மா பசையைச் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது என்ன சார்?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சீழ் வெளிய வர வழியில்லாம மூடி வெச்சிருக்கீங்க. இனிமே பிடுங்கத்தான் வேணும். இப்போ முடியாது. மாத்திரை போடுங்க, வீக்கம் வத்தினதும் வாங்க."

வீக்கம் வற்றியது. அதுதான் வம்பாகப் போயிற்று. பல் பிடுங்க லீவு கேட்டபோது சூப்பர்வைசர் என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், நான் குழாயைப் பார்ப்பது போல. குமிழி எதுவும் தென்படவில்லை.

"இப்போ நல்லாத்தானே கீறீங்க அண்ணா."

"கன்னத்துல பஞ்சு வெச்சுக்கினு போய் நில்லு மச்சான்" என்றான் பசைக்காரன்.

நின்றேன். மகள் கல்லூரிக்குப் போகிற வயதில், முதலுதவிப் பெட்டிப் பஞ்சை உருட்டிக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, மட்டம் போடுகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன். மறுநாள் முற்பகல் கிடைத்தது. காப்பாற்றுவதற்குக் கிடைக்காத அரை நாள், பிடுங்குவதற்குக் கிடைத்தது.

பல் கழன்று வந்துவிட்டது. அது இருந்த குழியில் பஞ்சை வைத்து, "நல்லா கடிச்சுக்கோங்க, பேசாதீங்க" என்றார் டாக்டரம்மா. அப்படியே கடித்துக்கொண்டு மத்தியானம் கம்பெனிக்குள் நுழைந்தேன். சூப்பர்வைசர் என் கன்னத்தைப் பார்த்தார்.

"இன்னும் வத்தலையா? பரவால்லண்ணா. இந்த அரை நாளை வர்ற ஞாயித்துக்கிழமை வந்து சரிக்கட்டிடுங்க."

வாய் நிறைய ரத்தமும் பஞ்சும். தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, முதல் குழாயைத் தண்ணீரில் முக்கினேன்.