இரண்டாவது கையெழுத்து

பிலவேந்திரன் வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். கோபமெல்லாம் இல்லை. ஆரணியில் பட்டுத்தறி ஓடுகிற வீட்டில் கத்தினால்தான் பேச்சு காதில் விழும். அதனால் வேண்டியதைக் கையால் காட்டிவிட்டுப் போவார்கள். அவருடைய ஒரே மகள் அமலி 1978இல் எம்.ஏ. படிக்கச் சென்னைக்குப் போனபோது அந்தப் பழக்கமும் கூடவே போனது.

விடுதிப் பெண்கள் கூட்டமாகச் சாப்பிடப் போவார்கள், கூட்டமாகத் திரும்புவார்கள். அமலி சாப்பாட்டுக்கூடம் காலியாகும்வரை காத்திருந்து, ஆறிப்போன சாம்பாரை ஊற்றிக்கொள்வாள். முதல் வருடம் அப்படியே போனது.

மறு வருடம் பல்கலைக்கழகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். முதுகலை மாணவர்களுக்குத் தலைமைப் பயிற்சி, ஏற்காட்டில் இரண்டு வாரம். மேடையில் பேசவும் கூட்டம் நடத்தவும் கற்றுத் தருவார்களாம். பேச்சைக்கூடக் கற்றுத்தர ஓர் இடம் இருக்கிறது என்பது அமலிக்குப் புதிதாக இருந்தது. விண்ணப்பம் வாங்கி வந்தாள்.

உடன் படிக்கும் இருவர் அவளைப் பற்றி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அறைத்தோழி சாராவிடம் கேட்டாள். சாரா தேசூர்க்காரி, கலகலப்பானவள், அவளும் விண்ணப்பித்திருந்தாள்.

"எழுதறேன். ஆனா இன்னான்னு எழுதறது? நீ எப்பவும் படிச்சிகினே இருக்க. ரூம்ல இருக்கியா இல்லையான்னே தெரியாது எனக்கு."

கடைசியில், 'அமைதியானவர், யாருக்கும் தொந்தரவு தராதவர்' என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டாவது கையெழுத்துக்கு யாரிடம் போவது? வகுப்பு வாசலில் நின்று பார்த்தாள். பேர் தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள், கேட்கும்படி ஒருவரும் இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டே கொடுத்துவிட்டாள்.

நேர்காணலில் ஒரு பேராசிரியர் அதைத்தான் முதலில் கேட்டார்.

"இரண்டாவது கையெழுத்து எங்கேம்மா?"

"என்னைத் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்லைங்க சார்."

"யாரையும் தெரியாம எப்படித் தலைமை தாங்குவீங்க?"

"தெரியலைங்க. அதைக் கத்துக்கத்தான் வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் தேர்வானவர்களில் அமலியின் பேர் இல்லை, சாராவின் பேர் இருந்தது. சாரா பெட்டியோடு கிளம்பிய சாயங்காலம், அறையில் இரண்டு கட்டிலும் ஒரு மின்விசிறியும் அமலியும் மட்டும்.

மறுநாள் யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர் வரிசை அறைப் பெண் ராஜம்மாள். படவேட்டில் கூலி வேலை செய்யும் குடும்பம். வீட்டில் முதல் பட்டம் அவளுடையது.

"உங்களுக்கும் கிடைக்கலையாமே?" என்றாள்.

"ஒரு கையெழுத்து குறைஞ்சுது."

ராஜம்மாள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். "எனக்கு ரெண்டுமே குறைஞ்சுது. நான் விண்ணப்பம் குடுக்கவே இல்ல. உங்ககிட்ட கேக்கலாம்னு இந்தக் கதவு வரைக்கும் வந்தேங்க. நீங்க படிச்சிகினு இருந்தீங்க, திரும்பிட்டேன்."

அமலிக்கு அழுகை வந்தது. ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம். எதிரெதிர் அறை.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். 'நீங்க' போய் 'நீ' வருவதற்குள் தேர்வு வந்துவிட்டது. ராஜம்மாளுக்கு நாக்பூரில் வங்கி வேலை கிடைத்தது. அமலி ஊருக்குத் திரும்பி, பக்கத்துச் சேத்துப்பட்டில் பள்ளி ஆசிரியையாகி, தினமும் ஆரணியிலிருந்து பஸ்ஸில் போய் வந்தாள். கல்யாணம் அமையவில்லை. ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். நாக்பூரிலிருந்து வந்த கடிதங்கள் மெல்லக் குறைந்து, பொங்கல் வாழ்த்தாக மட்டும் நின்றன.

1986 கோடையில் ராஜம்மாள் கைக்குழந்தையோடு ஆரணி வந்தாள். அமலியின் அம்மா சகாயம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எம் பொண்ணைத் தேடிகினு வந்த மொத ஆளு நீதாம்மா" என்று காப்பி போட ஓடினாள்.

மதியம் முழுக்க இருவரும் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அறையில் தறி ஓடியது. சாயங்காலம் படவேட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு அமலி வீடு திரும்பினாள்.

"இவ்ளோ நேரம் இன்னா பேசினீங்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா உக்காந்துகினு இருந்தோம்."