ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் சித்தப்பாவுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் நெடுங்காலம் நான்கே வரிகள்தாம் இருந்தன. பிறந்த நாள், படிப்பு, மின்மீட்டர் சோதனைக்கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை, மணமாகவில்லை. அவர் அப்பாவின் ஒரே தம்பி. நான்கு வரிகளில் அடங்குகிற மனிதர் அல்லர். ஆனால் உறுதிப்படாத எதையும் அந்த ஏட்டில் நான் ஏற்றுவதில்லை. ஐந்தாவது வரி சென்ற ஆண்டுதான் வந்தது. அதுவும் அவர் கையாலேயே வந்தது.

வீடுகளில் பொருத்துவதற்கு முன் மீட்டர்களை வரிசையாக மாட்டி, எது வேகமாக ஓடுகிறது, எது பின்தங்குகிறது என்று பார்ப்பது அவருடைய வேலை. நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் பிசகுகிற மீட்டரை ஈவிரக்கமின்றித் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் கூடத்தில் அவருக்கு 'பாயிண்ட் ஃபைவ்' என்று பெயர். அது வீடுவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. "மழ வருமா சித்தப்பா?" என்று கேட்டால், "எத்தன மணிக்கு?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கூடத்தில் ஒரு விதி உண்டு. தவறாகக் குறித்த அளவை அழிக்கக் கூடாது. அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான அளவு, கையொப்பம், தேதி. தம் பணிக்காலம் முழுவதிலும் அப்படிக் கோடு போட்டது பதினொரு முறை என்பார். எண்ணி வைத்திருந்தார்.

ஓய்வு பெற்று எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த மறுமாதமே அவர் பாட்டுப் பெட்டிகளில் விழுந்தார். என்ன தேடுகிறார் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இருபத்தாறு வயசுல ஒரு வாடகை ரூம்ல இருந்தேன். பக்கத்து ரூம்ல ஒரு வால்வு ரேடியோ. அந்தச் சத்தம் இன்னொரு தடவ காதுல விழணும். அவ்வளவுதான்."

ரேடியோ யாருடையது என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கணினிக்குள் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றித் தரும் சிறு பெட்டியை 'டேக்' என்கிறார்கள். அவர் வாங்கிய முதல் டேக் கண்ணாடி போன்றது. பாடுகிறவர் மூச்சை இழுப்பதும், வாசிக்கிறவர் நாற்காலியில் அசைவதும்கூட அதில் துல்லியமாக வந்தன. சித்தப்பா குறிப்பேட்டில் எழுதினார்: 'குறை இல்லை. அது இல்லை.' அடுத்து வாங்கியது கதகதப்பான ஒலி தரும் பெட்டி. கூர்மையெல்லாம் மழுங்கி, குரலுக்குச் சற்றுச் சதை போட்டதுபோல் இருந்தது. 'பக்கத்தில் வருகிறது. அது இல்லை.' மூன்றாவதாக வந்தது, ஒலியைப் பெருக்கித் தரும் வால்வு ஆம்ப்ளிஃபயர். வால்வுகள் எனப்படும் நான்கு கண்ணாடிக் குழல்கள் செம்மஞ்சளாய்க் கனன்றன; அறையே சூடாயிற்று.

"தம்பி, மாடியில தனியா அடுப்பு போட்டுட்டீங்களா?" என்றார் என் அம்மா.

"போட்டுட்டேன் அண்ணி. வேகத்தான் மாட்டேங்குது."

வழக்கம் விடாமல் அதையும் அளந்து பார்த்தார். "ரெண்டு பர்சென்ட் தப்பு பண்ணுது. மீட்டரா இருந்தா அன்னைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார்.

"அப்புறம் ஏன் வச்சிருக்கீங்க?"

"அழகா தப்பு பண்ணுதே."

ஆயினும் குறிப்பேட்டில் பதிந்தது பழைய தீர்ப்புதான். இப்படியே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. பெட்டிகள் மாறின, குழல்கள் மாறின, ஒயர்கள்கூட மாறின. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கண்ணை மூடி அமர்வார். கண்ணைத் திறக்கும்போது, ஊருக்குப் போகும் வண்டியைத் தவறவிட்டவர்போல ஒரு கணம் இருப்பார். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுப்பார்.

சென்ற ஆண்டு, பெட்டிகளை விற்ற கடைக்காரரே பொறுமையிழந்து ஒரு ஞாயிறு மாலை மாடியேறி வந்தார். கண்ணாடிப் பெட்டியை ஒரு பக்கமும், கதகதப்புப் பெட்டியும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்ததை மறுபக்கமும் வைத்து, முன்னால் படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டார். எது பாடுகிறது என்று பார்க்காமலே சொல்ல வேண்டும். இருபது முறை மாற்றிப் போட்டார். சித்தப்பா பதினெட்டு முறை சரியாகச் சொன்னார்.

"காதா சார் இது! சரி, ரெண்டுல எதுன்னு இன்னைக்கு முடிவு பண்ணிடுங்க."

"ரெண்டும் இல்ல."

"அப்படிச் சொல்லாதீங்க சார். இதுக்கு மேல என் கடையில ஒண்ணுமே இல்ல."

சித்தப்பா தண்ணீர் குடிக்க அடுத்த அறைக்கு வந்தார். அங்கே நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா தொலைபேசியில் தம் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். "இரு அக்கா, இங்க ஒரே பாட்டுக் கச்சேரி, நீ சொல்றது ஒண்ணும் விளங்கல" என்றபடி எழுந்துபோய் நடுக்கதவைச் சாத்தினார்.

சொம்பைச் சாய்த்த சித்தப்பாவின் கை அப்படியே நின்றது. டம்ளர் நிறைந்து, தண்ணீர் தரையில் வழிந்தது.

"சித்தப்பா, தண்ணி!"

"அண்ணி, போன வைங்க."

நாற்பது ஆண்டுகளில் அவர் அம்மாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா மறுபேச்சின்றி வைத்துவிட்டார். சித்தப்பா போய்ச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தார். அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சொற்கள் சுவரைத் தாண்டவில்லை. குரலின் அடிப்பாகம் மட்டும், போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல வந்துகொண்டிருந்தது.

"அது" என்றார். பிறகு குரல் உயர்த்தி, "இப்ப ஓடுறது எது?" என்று கேட்டார்.

"கண்ணாடிப் பெட்டி சார்!" என்றார் கடைக்காரர், கதவுக்கு அப்பாலிருந்து.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பத்து முறை மாற்றிப் போடச் சொன்னார். ஐந்து முறை சரி, ஐந்து முறை தவறு. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

"ஒம்பது வருஷமா பெட்டிய மாத்தி மாத்தி அளந்திருக்கேன்" என்றார் என்னிடம். "சுவத்த அளக்கவே இல்ல. ஒத்தச் செங்கல் சுவரு அது."

கதவைத் திறந்துகொண்டு வந்த கடைக்காரரின் முகம் தொங்கிப்போயிருந்தது. "அப்போ நான் குடுத்ததெல்லாம் வீணா சார்?"

"எல்லாம் நல்ல பெட்டிங்க. நான்தான் பக்கம் மாறி உக்காந்திருந்தேன்."

கடைக்காரர் போனபின் அம்மா தரையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, நான் ஒன்பது ஆண்டுகளாகக் கேட்காததைக் கேட்டார்: "ரேடியோ யாரோடது தம்பி?"

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்த பெண். தாயாரோடு பக்கத்து அறையில் குடியிருந்தாள். ஆறரைக்கு வேலையிலிருந்து வந்ததும் ரேடியோ போடுவாள். இவர் ஆறேகாலுக்கே ஓட்டமும் நடையுமாக வந்து, நாற்காலியைச் சுவரோடு போட்டு உட்கார்ந்துவிடுவார். எட்டு மாதம் அப்படி நடந்தது. ஒருநாள் மாடிப்படியில் அவள் நின்று, "ரேடியோ சத்தம் உங்க பக்கம் வருதுங்களா?" என்று கேட்டாள்.

"சங்கடப்பட்டு நிறுத்திடப் போறாங்களேன்னு பயம் அண்ணி. 'சுத்தமா கேக்கலீங்க'ன்னு சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"'ஓ, அப்படிங்களா'ன்னாங்க. மேல ஏறிப் போயிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பக்கம் மேச இழுபடுற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ரேடியோ எதிர்ச்சுவர்லேருந்துதான் வந்துச்சு. காத வச்சாலும் சரியா வராது. ரெண்டு மாசத்துல மாத்தலாகிப் போயிட்டாங்க."

அம்மா துணியைப் பிழியாமல் கையில் வைத்திருந்தார். "அப்போ உங்களுக்குக் கேக்கணும்னுதான் முதல்லேருந்தே உங்க சுவத்த ஒட்டி வச்சிருந்திருக்கா. இது இன்னைக்குத்தான் உறைச்சுதா?"

"மேச இழுபட்டப்பவே உறைச்சிடுச்சு."

"போய்ச் சொல்ல வேண்டியதுதானே? ரெண்டு மாசம் இருந்துச்சே!"

"சொன்னா, முன்னாடி சொன்னது பொய்யின்னு ஆயிடுமே அண்ணி."

"ஆகட்டுமே! ஆகித் தொலையட்டுமே!" என்றார் அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து, மாலையில், பேனாவோடு கீழே இறங்கி வந்து பதிவேட்டைக் கேட்டார். தம் பக்கத்தைப் புரட்டி, நான்கு வரிகளையும் ஒருமுறை சரிபார்த்தார். பிறகு அவற்றின் கீழே நிதானமாக எழுதினார்: 'பக்கத்து அறை ரேடியோ கேட்கவில்லை.' நான் வாய் திறப்பதற்குள், அளவுகோலை வைத்து அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில், 'எட்டு மாதமும், ஒருநாள் விடாமல், நன்றாகக் கேட்டது' என்று எழுதினார். கையொப்பமிட்டுத் தேதி போட்டார்.

"பன்னெண்டு" என்றார்.

மை காயும்வரை ஏட்டை மூடவில்லை. பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். ஆறரை ஆகச் சில நிமிடங்களே இருந்தன. ஆம்ப்ளிஃபயர் இருக்கும் மேசை தனியாளால் நகர்த்த முடியாத கனம். அதை நடுச்சுவரோடு ஒட்டிப் போட வேண்டும், கொஞ்சம் மாடிக்கு வந்து ஒரு கை பிடி என்றார்.