தொண்ணூற்றெட்டு டிகிரி

புனேயில், வாகட் பகுதியில், எங்கள் அடுக்குமாடி வளாகத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலை ஒட்டி, அது பிள்ளைகளின் அறிவை வளர்க்கும். மற்ற நாட்களில் பார்க்கிங் இடத்துக்காக அடித்துக்கொள்ளும்.

அறிவு வளர்ப்பதில் முதல் பாகம் மேதைகளின் வாழ்க்கை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரிய மனிதரைப் போல வேஷம் கட்டி மேடையேறி, அவர் கதையைத் தமிழில் ஒப்பிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் அம்மாக்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுப்பார்கள். யாராக இருந்தாலும் தெருவிளக்கில்தான் படித்திருப்பார், பல மைல் நடந்துதான் பள்ளிக்கூடம் போயிருப்பார். பங்களாவில் பிறந்தவரைக்கூட இவர்கள் தெருவிளக்கடியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்கள். ஒரு வருஷம் தாள்கள் மாறிப்போய், ஒரு கணித மேதை சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனார். ஒருவரும் கவனிக்கவில்லை. பலமாகக் கைதட்டினார்கள்.

இரண்டாவது பாகம் அன்றாட அறிவியல். சங்கத் தலைவர் கேள்வி கேட்பார். மென்பொருள் கம்பெனியில் பெரிய மேனேஜர் அவர். சென்னையில் இருக்கும் அவருடைய மச்சான் போனில் என்ன அனுப்புகிறாரோ அதுதான் அவருக்கு அறிவியல். அதைப் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் இருக்கும். அதில் ஒரு சொல் மாறினாலும் மார்க் கிடையாது.

நான் ஊருக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையின் லேபில் வேலை பார்க்கிறேன். அந்த ஒரே தகுதிக்காக என்னை நடுவராக்கிப் பொன்னாடை போர்த்துவார்கள். இவர்களை நான் எவ்வளவு மட்டமாக நினைத்தாலும், பொன்னாடை வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

போன பொங்கலுக்கு என் மகள் கேள்வி பதிலில் சேர்ந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. மற்ற பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த நாட்களில் இவள் ஒவ்வொன்றையும் செய்து பார்க்க வேண்டும் என்று நின்றாள். தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று பார்க்க என்னிடம் தெர்மாமீட்டர் கேட்டாள். லேபில் சொல்லிவிட்டு ஒன்றை வாங்கி வந்தேன். அதன் நுனி பாத்திரத்தின் அடியில் படக்கூடாது என்று அவளே யோசித்து, ஒரு கரண்டிக் காம்பில் நூலால் கட்டித் தொங்கவிட்டாள். மூன்று தடவை கொதிக்கவைத்தோம். மூன்று தடவையும் தொண்ணூற்றெட்டைத் தாண்டவில்லை. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதா என்று கேட்டாள். புனே கடல் மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் கொஞ்சம் முன்னாலேயே கொதித்துவிடும் என்று சொன்னேன். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. பருப்பு வேக நேரமாவதுகூட இதனால்தானா என்று அவள் அம்மாவிடம் போய்க் கேட்டாள்.

போட்டியன்று கிளப் ஹவுஸ் நிறைந்திருந்தது. கடைசிச் சுற்றில் இவளும் தலைவரின் பக்கத்து வீட்டுப் பையனும் சமமாக இருந்தார்கள். தலைவர் உறையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேட்டார். உறைக்குள் என்ன பதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அங்கிள், புனேல தொண்ணூத்தெட்டு. நான் பாத்தேன்" என்றாள், தட்டுத்தடுமாறி, ஆனால் தமிழில்.

கூட்டத்தில் சிரிப்பு. தலைவரும் சிரித்தார். "கண்ணு, தண்ணி எல்லா ஊர்லயும் தண்ணிதான்" என்றார். பல வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, சென்னை விடையைக் கையில் பிடித்திருக்கும் மனிதர். அவள் என்னைப் பார்த்தாள். தலைவரும் பார்த்தார், நடுவர் சொல்லட்டும் என்று.

ஒரு வாக்கியம் போதும். அந்த ஹாலில் அதைச் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மகளுக்குச் சாதகமாகப் பேசுகிறான் என்பார்களே என்று நினைத்தேன். இப்படித்தான் வீட்டில் பிற்பாடு சொன்னேன். உண்மை அதைவிடக் கேவலம். அத்தனை பேர் முன்னால் தலைவரின் முகம் கறுப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த வருஷம் நடுவர் நாற்காலி கிடைக்காதே என்றும் இருந்தது.

"விடைத்தாள்ல நூறுன்னுதான் இருக்கு" என்றேன்.

நான் சொன்ன நூறையே பையன் திருப்பிச் சொன்னான். கைதட்டல் வந்தது. அந்தக் கைதட்டலைக் கேட்டபோது அங்கே இருந்த ஒவ்வொருவரையும் வெறுத்தேன். பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தவனை எல்லோரையும்விட அதிகமாக வெறுத்தேன்.

அவள் அழவில்லை. லிஃப்டில் ஏறும்போது, நீங்களும் என்கூட நின்று பார்த்தீர்கள்தானே என்று மட்டும் கேட்டாள். போட்டி என்றால் அதற்கு ஒரு விதிமுறை இருக்கிறது என்று ஏதோ உளறினேன். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஏன், எப்படி என்று நச்சரித்துக்கொண்டே இருந்தவள், இப்போது போனில் தேடிக்கொள்கிறாள்.

இந்த டிசம்பரில் ஒரு காலை. பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகிக் கிடந்தது. அவள் அதை வெந்நீரில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அவள் கேட்கவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன். இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே போனால் அது உறைய ஆரம்பிக்கும், எங்கள் லேபிலேயே வைத்துப் பார்த்திருக்கிறேன் என்று ஆசையாகச் சொன்னேன்.

"நீங்களே பாத்தீங்களா?"

"நானே பாத்தேன்."

எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள்.

"அன்னிக்கும்தான் பாத்தீங்க" என்றாள்.