விருத்தாம்பாள் கட்டிய பாட்டு

பாகூர்ப் பக்கத்து நடவுக்காரிகளில் செங்கமலத்தின் பாட்டுக்குத்தான் மவுசு. மச்சானைக் கேலி செய்வாள், மாமியாரை வம்புக்கு இழுப்பாள். நாற்று நடும் கைகள் தாமாக வேகம் பிடிக்கும். அதே கும்பலில் கடைசி ஆளாக நிற்கும் விருத்தாம்பாளிடமும் ஒரு பாட்டு இருந்தது. அவளே கட்டியது. ஒரு முறை அவள் அதை எடுத்தபோது நான்கு அடிகூட முடியவில்லை.

"நடவுல அழுவுற பாட்டு வேணாம்டி" என்று செங்கமலம் வெட்டிவிட்டாள். அதோடு சரி. பிறகு கரும்புத் தோட்டத்தில் தனியாகக் காய்ந்த சோகை உரிக்கும்போது மட்டும் விருத்தாம்பாள் அதை முணுமுணுப்பதை ஒன்றிரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அவளுக்கு ஒரே மகள், தையல்நாயகி. அறுபத்தாறாம் வருஷம் கார்த்திகையில், ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல், அதைக் கடந்து அக்கரைக் கடைக்குப் போன பிள்ளை திரும்பவில்லை. ஒன்பது வயது. மறுநாள் காலையில் நாணல் புதரிலிருந்து அவளை எடுத்துத் தூக்கி வந்தவன் தகப்பன் மணவாளன்.

பிள்ளையைக் கிடத்தியதும் மணவாளனின் தாய் பவுனம்மாள் கேட்ட முதல் கேள்வி: "இந்த வெள்ளத்துல பச்சப் புள்ளய யார்டி அனுப்புனது?"

அனுப்பியவன் மணவாளன். வெற்றிலைக்குப் புகையிலை தீர்ந்துபோயிருந்தது. விருத்தாம்பாள் அப்போது களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தேடி ஓடும்போது, தான்தான் அனுப்பியதாக அவளிடம் மட்டும் மணவாளன் சொல்லியிருந்தான். இப்போது அவன் மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றுகொண்டிருந்தான். கையில் மாட்டுக் கயிறு. பார்வை கொட்டகையின் உத்தரத்தில். விருத்தாம்பாள் கயிற்றைப் பார்த்தாள், அவன் பார்க்கும் இடத்தைப் பார்த்தாள்.

"நான்தான் அனுப்புனேன்" என்றாள்.

மணவாளன் வாய் திறக்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகு பல வருஷமும் இல்லை.

பவுனம்மாள் சாகும்வரை மருமகள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. காதுகுத்து, கல்யாணம் என்று அவள் போனால் பெண்கள் குழந்தையை அவள் பக்கத்து இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொள்வார்கள். செங்கமலமே ஒரு நாள், விருத்தாம்பாள் மடியில் தவழ்ந்து ஏறிய தன் மகனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாள். மணவாளன் வயல் வேலையை விட்டுவிட்டு, ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டப் போய்விட்டான். வீட்டில் தங்குவதே குறைந்தது.

எழுபத்தெட்டில் வண்டி சாய்ந்து அவன் கால் ஒடிந்தது. எலும்பு கூடிய பின் வண்டியில் ஏற முடியவில்லை. கட்டிய நாற்று முடிகளைத் தூக்கிப் போடும் வேலைக்கு நடவு வயலுக்கே வந்தான்.

அன்று தூறல். கடைசிக் கழனி. செங்கமலத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. "யாராச்சும் எதுனா பாடுங்கடி, இடுப்பு வுட்டுப் போவுது" என்றாள். யாரும் எடுக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் விருத்தாம்பாள் தொடங்கினாள்.

கலங்கலிலே வெள்ளம் வருது, கண்ணே நீ போகாதேன்னு
சொல்லாத வாயி இது சோறுதின்னு வாழுதடி
நாலெட்டு தூரமின்னு நான்தானே அனுப்பி வச்சேன்
நனைஞ்ச பாவாடையோட நடக்காம வந்தியேடி

இந்த முறை யாரும் வெட்டவில்லை. கைகள் முதலில் தயங்கின. பிறகு பாட்டின் நடைக்கே நட ஆரம்பித்தன. இரண்டாம் தடவை அந்த அடிகள் வந்தபோது, பின்னால் நாற்று முடி சேற்றில் விழுந்த சத்தம் கேட்டது.

"அவ அனுப்பல." மணவாளன் முழங்கால் சேற்றில் நின்றிருந்தான். "நான்தான் பொகையிலைக்கு அனுப்புனேன். அவ வூட்லயே இல்ல."

பாட்டு நின்றது. "சும்மா இருய்யா" என்றாள் விருத்தாம்பாள். அவன் சும்மா இருக்கவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

செங்கமலம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பன்னெண்டு வருசமா ஏன்டி வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா அன்னிக்கே ரெண்டு பேரத் தூக்கியிருக்கணும்டி."

வீட்டுக்கு வந்ததும் மணவாளன் சோற்றுத் தட்டைத் தொடவில்லை. "அந்தப் பாட்டுல நான்தானேன்னு வர்ற எடத்துல என்னை வச்சுப் பாடு" என்றான்.

"வராதுய்யா."

"இன்னா வராது?"

"வாய் வராது. சாப்புடு."

அடுத்த வாரமெல்லாம் ஊரில் அதே பேச்சு. மணவாளனை யார் என்ன செய்துவிடுவார்களோ என்று விருத்தாம்பாள் பயந்துகொண்டே இருந்தாள். அவன் டீக்கடைக்குப் போனால் வாசலில் நின்று பார்த்தாள். ஒருவரும் அவனை ஒதுக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

தெருக் குழாயடியில் அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். "பாவம், ஆம்பள. வெள்ளம் வரும்னு அவருக்கு இன்னா தெரியும்? இத்தினி வருசம் மனசுக்குள்ளயே வச்சி வெந்திருக்காரு."

விருத்தாம்பாள் குடத்தைக் கீழே வைத்தாள். பிள்ளையை எடுத்து வந்த காலையில்கூட அவள் அப்படி அழுததில்லை. குழாயடிக் கல்லில் உட்கார்ந்து, முந்தானையைக்கூட வாயில் வைக்காமல், தெருவே கேட்க அழுதாள். எதற்காக என்று அந்தப் பெண்களுக்கு விளங்கவில்லை. பின்னால் குடத்தோடு நின்ற, ஒரு நாள் தன் மகனை அவள் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன செங்கமலத்துக்கு விளங்கியது. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குழாயின் கீழே யாரோ வைத்த குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.