பேசாத பெட்டியும் பத்துக்கு எட்டு அறையும்

லிஃப்ட்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதருக்கு வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருடமாக ஊரில் உள்ளவர்களை மேலே ஏற்றிவிடுவதுதான் தொழில். தான் மட்டும் சேர்ந்த நாளில் இருந்த அதே மெக்கானிக் பதவியில் அசையாமல் நிற்கிறார். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டின் உச்சியில் குந்திக்கொண்டு, உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் வசவை வாங்கியபடியே வேலை பார்ப்பது அவருக்குக் கைவந்த கலை. பதிலுக்கு ஒரு வார்த்தை பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் மூட்டை கட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில், உரிமம் வாங்கியவர்கள் வீட்டிலிருந்தே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவில் பேசித் தீர்த்துவிடுவது என்பது அவர் போட்டிருந்த வாழ்க்கைத் திட்டம்.

அதற்கான அரசுத் தேர்வை மூன்றாவது முயற்சியில் பாஸ் செய்தார். உரிமம் கைக்கு வந்தது. கடையில் விற்கும் பெட்டியை வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று, ஒரு பழைய பத்திரிகையில் வந்திருந்த வரைபடத்தைப் பார்த்துத் தானே ஒரு பெட்டி கட்டினார். கேட்கவும் பேசவும் ஒரே பெட்டி. பதினான்கு மாதம் பிடித்தது. அதற்குள் பற்றவைக்கும் இரும்பால் அவருடைய விரல்களில் சூடு படாத இடம் இல்லை. வீட்டில் உள்ள டவல்களிலும் இல்லை.

பெட்டி கேட்டது. அபாரமாகக் கேட்டது. கடலுக்கு அப்பால் யாரோ யாரிடமோ தன் மூட்டு வலியைப் பற்றிப் புலம்புவதுகூடத் தெளிவாகக் கேட்டது. ஆனால் மைக்கின் பட்டனை அமுக்கிப் பேசினால், ஒரு சத்தமும் வெளியே போகவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரேடியோ நண்பர்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடி வருகைப்பதிவு எடுப்பார்கள். எடுப்பவர் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் பேசிப் பழகியவர் என்பதால் அந்தப் பொறுப்பு இயல்பாகவே அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவருடையது கடைப் பெட்டி. முதல் ஞாயிறு அவர் சொன்னார்: "லிஃப்ட்காரர் இருக்காரா? இல்லையா? சரி, கேட்டுக்கிட்டு இருப்பார். கையால கட்டின பெட்டி பாருங்க, கேக்கும், பேசாது."

லிஃப்ட்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, உரிமம் பெற்றவர்கள் காற்றில் சொல்லக் கூடாத நான்கு வார்த்தைகளைச் சொன்னார். பெட்டியின் புண்ணியத்தில் அவை அறையைத் தாண்டவில்லை.

அன்றே மூடியைத் திறந்தார். மைக்கின் கம்பி ஒன்று விட்டுப்போயிருந்தது. பற்றவைத்தார். மறுபடியும் பட்டனை அமுக்கினார். பேசவில்லை. பட்டனை அமுக்கியதும் பேசுகிற பகுதிக்கு மாற்றிவிடும் ரிலே சுவிட்சை மாற்றினார். பேசவில்லை. கடைசி டிரான்சிஸ்டர் மேல் சந்தேகம் வந்து அதைப் பிடுங்கிப் புதிதாக ஒன்றை வைத்தார். புதியதன் மேலும் சந்தேகம் வந்து பழையதையே திரும்ப வைத்தார். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளோடும் பெட்டிக்குள் அவர் போகாத சந்து இல்லை. பேசுகிற பகுதிக்குக் கரண்ட்டே வரவில்லை என்று மீட்டர் சத்தியம் செய்தது. வரைபடமோ வந்தாக வேண்டும் என்றது. லிஃப்ட்காரர் வரைபடத்தின் கட்சி.

இரண்டாவது வாரம் மனைவி தலையிட்டாள். அவள் பதினோரு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள்.

"உங்க டப்பாவுக்குத் தனி ரூம். என் பிள்ளைங்க செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்துல உக்காந்து முக்கோணம் வரையுதுங்க. நல்லா இருக்கா இது?"

"இன்னும் ஒரு வாரம் பொறும்மா. கிட்ட வந்துட்டேன்."

"போன வாரமும் கிட்டதான் இருந்தீங்க."

ஒப்பந்தம் கட்டம் போட்ட நோட்டுத் தாளில் எழுதப்பட்டது. வரும் ஞாயிறு வருகைப்பதிவு முடிவதற்குள் அவர் பெட்டியைச் சரிசெய்து பேச வேண்டும். இல்லாவிட்டால் பத்துக்கு எட்டு அடியும் ஜன்னலும் மின்விசிறியும் உள்ள அந்த அறை கணக்குக்குப் போய்விடும். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் தேதியையும் போட்டாள்.

அந்த வாரம் லிஃப்ட்காரர் லிஃப்ட் உச்சியில் உட்கார்ந்தும் பெட்டியைத்தான் நினைத்தார். மூன்றாம் மாடியில் மாட்டிக்கொண்ட ஓர் அம்மாள், "ஏம்ப்பா, உயிரோட இருக்கியா?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

ஞாயிறு எட்டு மணி. பெட்டி வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு மேசையில் கிடந்தது. பல் டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் உடல்நலத்தையும் பல் நலத்தையும் விசாரித்து, கடைசியில் வந்தார்: "லிஃப்ட்காரர்?"

பட்டனை அமுக்கினார். கத்தினார். ஒன்றுமில்லை.

"மூணாவது வாரமும் மௌன விரதம்!" என்று சிரித்துவிட்டு, டாக்டர் வானிலையைப் பற்றித் தொடங்கினார். வருகைப்பதிவை முடிக்கும் முன் அவர் பத்து நிமிடம் வானிலை பேசுவது வழக்கம்.

கதவு திறந்தது. மனைவி பதினோரு நோட்டுகளும் ஜியோமெட்ரி பாக்ஸ்களுமாக உள்ளே வந்தாள்.

"இன்னும் முடியலைம்மா. அவர் பேசிக்கிட்டுத்தான் இருக்கார்."

"அவர் பேசுறார். நீங்க?" என்றாள். நோட்டுகளை வைக்க இடம் தேடினாள். மேசையில் இடம் இல்லை. பெட்டியின் மூடியைப் படீரென்று சாத்தி, அதன்மேல் நோட்டுகளை அடுக்கினாள். பிறகு மைக்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இந்தப் பட்டனையா மூணு வாரமா அமுக்கிக்கிட்டு இருந்தீங்க?" என்று தானும் ஒரு அமுக்கு அமுக்கினாள்.

உள்ளே 'டக்' என்று ரிலே தட்டியது. பேசுகிற பகுதி விழித்ததும் கேட்கிற பகுதி அடங்கியது; பல் டாக்டரின் வானிலைப் பேச்சு மழைக்கு நடுவில் அறுந்தது. அந்த மனிதரின் வாயை மூடிய முதல் ஆள் என்ற பெருமை கணக்கு டீச்சருக்குப் போனது.

லிஃப்ட்காரர் பாய்ந்து வந்தார். மைக்கை வாங்கிக்கொண்டார். நோட்டுகளை இறக்கி மூடியைத் திறந்து அமுக்கினார்: ஒன்றுமில்லை. மூடி அமுக்கினார்: டக்.

லிஃப்ட் கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக் கூடாது. அவருடைய மதமே அதுதான். பெட்டி கட்டத் தொடங்கிய மாதத்திலேயே அதே பக்தியோடு மூடியின் மூலையில் ஒரு சின்ன சுவிட்சை வைத்திருந்தார்: மூடி திறந்திருந்தால் பேசுகிற பகுதிக்குக் கரண்ட் போகாது. வரைபடத்தில் அது இல்லை, குறித்துவைக்கவும் இல்லை, மறந்தும் போனார். மைக் கம்பியை முதல் நாளே சரிசெய்துவிட்டார். அதற்குப் பின்னால் இருந்த ஒரே கோளாறு, கோளாறைத் தேடுவதற்காக அவர் திறந்துவைத்திருந்த மூடி.

"பேசுது பாத்தியா!" என்று குதித்தார். "ரூம் எனக்குத்தான்!"

"யார் சரி பண்ணது?" என்றாள் மனைவி.

லிஃப்ட்காரர் மூடியைத் தடவிப் பார்த்தார்.

"தாள்ல என்ன எழுதியிருக்கு? நீங்க சரிபண்ணிப் பேசணும்னு. மூடினது நான்." கொஞ்சம் யோசித்தாள். "சரி, போகட்டும். 'என் வீட்டுக்காரி மூடியைச் சாத்தினதும் பெட்டி சரியாயிடுச்சு'ன்னு ரேடியோவுல அவங்ககிட்ட சொல்லுங்க. சொன்னா ரூமை நீங்களே வச்சுக்கோங்க."

பெட்டியிலிருந்து டாக்டரின் குரல் வந்தது: "முடிக்கப்போறேன். வேற யாராவது இருக்கீங்களா?"

லிஃப்ட்காரர் பட்டனை அமுக்கினார். தரைத்தளத்திலிருந்து நான்காம் மாடிக்குப் போகிற நேரம் அளவுக்கு யோசித்தார். ஜன்னலைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"லிஃப்ட்காரர் பேசுறேன்," என்றார்.

"அட! வாங்க வாங்க! குரல் கணீர்னு இருக்கே! என்னதான் கோளாறு?"

"அது... ரொம்ப அபூர்வமான கோளாறு டாக்டர். எப்பவாவதுதான் வரும். பாதுகாப்புச் சுற்றும் ரிலேயும் ஒண்ணையொண்ணு பாதிச்சு... வாயால சொன்னா புரியாது."

மனைவி ஜன்னல் திரையின் அளவை ஸ்கேலால் எடுக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை முதல் அந்த அறையில் பதினோரு பிள்ளைகள் முக்கோணம் வரைகிறார்கள். பெட்டி பால்கனியில், வாஷிங் மெஷின்மேல் இருக்கிறது. மெஷின் சுழலும்போது அவர் பேசுவதில்லை. மற்றபடி பேச்சு பிரமாதம். அந்த அபூர்வக் கோளாறைப் பற்றி அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் உரையாற்றும்படி டாக்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார். லிஃப்ட்காரர் இதுவரை பதினேழு பக்கம் எழுதி, மூன்று வரைபடங்களும் போட்டுவிட்டார். இரண்டாவது வரைபடத்தில் கணக்கு உதைக்கிறது என்று மனைவி சிவப்பு மையில் சுழித்து, திருத்தி எழுதி வரச் சொல்லியிருக்கிறாள்.