மிளகுப் பால்

சிதம்பரத்தில் முறையாகச் சங்கீதம் படித்தவள் நான். 2007இல் கடலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கல்யாணங்களுக்குப் பாடிக்கொண்டிருந்தேன். குழுவின் இன்னொரு பாடகி என்னைவிடச் சின்னவள், கேள்வி ஞானம் மட்டும்தான். கைத்தட்டல் அவளுக்கே ஜாஸ்தி. எனக்கு எரிச்சலாக இருந்தது, மறைப்பானேன்.

அந்தச் சமயம் எனக்கு வானொலிக் குரல் தேர்வுக்கு அழைப்பு வந்தது. வருடக்கணக்கில் காத்திருந்த அழைப்பு. குழுவில் எல்லோருக்கும் சொன்னேன். அடுத்த முகூர்த்தத்தில், கீரப்பாளையத்தில் ஒரு வரவேற்பு. இடைவேளையில் அவளாகவே மிளகுப் பால் கொண்டுவந்தாள்.

"தொண்டைக்கு நல்லதுக்கா, குடிங்க."

குடித்தேன். பதில் மரியாதைக்கு என்னிடமிருந்த வெற்றிலையை மடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலை எனக்குக் குரலே எழும்பவில்லை.

"செந்தூரம் கலந்திருப்பா," என்றார் என் கணவர். பாடுகிறவர் குரலைக் கெடுக்கச் செந்தூரம் கொடுத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பட்டம் வாங்கிய நான் உடனே நம்பினேன். பால் லேசாகச் சிவந்திருந்ததாகக்கூட ஞாபகம் வந்தது. சில நாளில் குரல் அரைகுறையாகத் திரும்பியது, மேல் ஸ்தாயி மட்டும் வரவில்லை. கச்சேரிகளுக்குச் சொந்த பிளாஸ்க் கொண்டுபோனேன். அதையும் மடியை விட்டு இறக்கவில்லை.

தேர்வு நெருங்கவே, கடைசியில் கடலூரில் ஒரு தொண்டை டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். உள்ளே கேமரா விட்டுத் திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டிலும் சின்னக் காய்ப்பு.

"சுருதிக்கு மேல கத்திக் கத்தி வர்றதும்மா. ஒரு நாள்ல வராது."

"செந்தூரம் குடுத்தாங்கன்னா?"

"சாப்பாடு போற வழி வேற, குரல் வர்ற வழி வேற."

அவளுக்கு இவர் சொந்தமோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன்.

"ஒரு மாசம் வாயத் தொறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது. இந்தத் தடவ தேர்வு வேணாம்."

அழுதுகொண்டே வெளியே வந்தேன். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் துண்டு, மடியில் புது பிளாஸ்க். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அவள் குரலும் கரகரத்துக் கிடந்தது.

"அக்கா, கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்கு அந்த வெத்தலையில என்ன வெச்சிக் குடுத்தீங்க?"

ஒன்றும் வைக்கவில்லை என்று சொல்ல வாய் துடித்தது. பேசக் கூடாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்களேன்," என்றாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அவள் பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள்.